புது ஃபைபர், பழைய ரூட்டர்: எந்த ஏற்பாடு யாருக்குச் சரி?

டெலிபோன் ஒயரில் வந்துகொண்டிருந்த நெட்டை விட்டு ஃபைபருக்கு மாறிய வீடுகளில் முதல் வாரம் எழுகிற புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஹாலில் பறக்கிறது, மாடியில் சுத்திக்கொண்டே இருக்கிறது. பிரிண்டர் ஆஃப்லைன் என்கிறது. கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை. மாடி டி.வி. இன்னும் பழைய வைஃபை பெயரையே தேடிக்கொண்டிருக்கிறது. உடனே கடைக்குப் போய், வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். இல்லையென்றால் பரணில் கிடக்கும் பழைய ரூட்டரை இறக்கிப் புது மோடத்துக்குப் பின்னால் சொருகுவார்கள். சில வீட்டில் சரியாகிவிடும். பல வீட்டில் கோளாறு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு, கம்பெனி கொடுத்த ஃபைபர் மோடமே ரூட்டர் வேலையைப் பார்க்கட்டும். பழைய ரூட்டரை லேன் கேபிளில் இணைத்து, வைஃபை கொடுக்கிற வேலையை மட்டும் அதற்குக் கொடுத்தால் போதும். பிரிட்ஜ் மோட், மெஷ், ரிப்பீட்டர் எல்லாவற்றுக்கும் அததற்கான வீடு உண்டு. ஆனால் அவை இரண்டாவது யோசனையாக வரவேண்டியவை.

எதையும் வாங்குவதற்கு முன்

கோளாறு மூன்று இடத்தில் இருக்கலாம்: வெளியே இருந்து வரும் லைனில், வீட்டுக்குள் வைஃபையில், அல்லது இரண்டு ரூட்டர் ஒன்றோடொன்று மோதுவதில். இதைப் பிரிக்காமல் செலவு செய்தால் பணம்தான் போகும்.

லைனைப் பார்க்க மோடத்தின் விளக்குகளே போதும். 'பான்' என்ற விளக்கு பச்சையாக, அசையாமல் எரிந்தால் கம்பெனியோடு இணைப்பு இருக்கிறது. 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை. வீட்டுக்குள் எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை. போன் போடுவதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: பீரோவை நகர்த்தியபோதோ ஜன்னல் கதவைச் சாத்தியபோதோ அந்த மெல்லிய ஒயர் மடிந்திருக்கிறதா என்று. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக மடங்கினால் ஒளி கசிந்துவிடும், சமயத்தில் உடைந்தே போகும். பிரவுசரில் மோடத்தின் செட்டிங் பக்கத்துக்குள் போனால் வந்து சேரும் ஒளியின் அளவை டி.பி.எம். கணக்கில் காட்டும். மைனஸ் 15-க்கும் மைனஸ் 25-க்கும் நடுவில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27-ஐ ஒட்டிப் போய்விட்டால் லைன் அடிக்கடி விட்டு விட்டு வரும். கஸ்டமர் கேருக்குப் பேசும்போது இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், 'மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்' என்கிற முதல் கட்டத்தைச் சீக்கிரம் தாண்டிவிடலாம்.

அடுத்தது வேகம். லேப்டாப்பை லேன் கேபிளால் நேரடியாக மோடத்தில் சொருகி வேகத்தைச் சோதியுங்கள். வைஃபையில் சோதித்துவிட்டு 'கம்பெனி ஏமாத்துது' என்பது நியாயமில்லை. 100 மெகாபிட் பிளான் என்றால் ஃபைல் இறங்கும்போது கம்ப்யூட்டர் காட்டுவது நொடிக்கு 12 மெகாபைட் சுமார்தான்; எட்டால் வகுக்கவேண்டும். 200 மெகாபிட் பிளானில் கேபிள் வழியாகவும் 94, 95 என்று நின்றுவிட்டால் ஏதோ ஒன்று 100-ல் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். விலை குறைந்த ஃபைபர் மோடம்கள் பலவற்றில் இரண்டு லேன் போர்ட் இருக்கும். ஒன்று கிகாபிட், மற்றது 100 மெகாபிட். போர்ட்டை மாற்றிச் சொருகினாலே சரியாகிவிடலாம். அதற்கும் மசியாவிட்டால் கேபிளில்தான் சந்தேகம். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கிரிம்பிங் செய்தபோது, 100-க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி சரியாகப் பதியவில்லை என்றால் நெட் நிற்காது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்.

கும்பகோணத்தில் அக்கா வீட்டு மாடியில் இதே கதைதான். "என்னப்பா இது, காசும் கூடக் கட்டியாச்சு, படம் முன்னாடி மாதிரியேதான் சுத்துது," என்றார் அத்தான். கேபிளில் முழு வேகம் வந்துகொண்டிருந்தது. கம்பெனி ஆள் மோடத்தை வாசல் ஜன்னல் ஓரம் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போயிருந்தார். அவருக்கு அதுதான் சுலபமான இடம். அங்கிருந்து மாடி அறைக்கு இரண்டு செங்கல் சுவரையும் ஒரு ஆர்.சி.சி. தளத்தையும் தாண்டவேண்டும். கான்க்ரீட்டும் அதற்குள் பின்னியிருக்கிற கம்பியும் வைஃபையை நன்றாகக் குடித்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கொஞ்சம் தாண்டும், 5 கிகாஹெர்ட்ஸ் அலை தளத்தோடு நின்றுவிடும். பழைய மோடம் வீட்டு நடுவில் டெலிபோன் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்ததால் குறைந்த வேகமாக இருந்தாலும் எல்லா இடத்துக்கும் எட்டியது. புதியது வேகமானது, ஆனால் வாசலில் நிற்கிறது.

பிரிண்டர் ஏன் காணாமல் போகிறது

வைஃபையை விரிவாக்குவதற்கு முன் இதை முடித்துவிடலாம், செலவே இல்லாத வேலை.

புது மோடத்தின் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பழையதற்கு இருந்தபடியே, எழுத்து மாறாமல் வைத்துவிடுங்கள். டி.வி., பிரிண்டர், ஸ்மார்ட் பிளக், வாசல் பெல் எதையும் தொடவேண்டியதில்லை. தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டு பக்கத்து வீடு வரை தெரிந்த ஒன்றாக இருந்தால் மட்டும் இந்த யோசனை வேண்டாம்.

அப்படியும் ஒட்டாத சாதனம் இருந்தால் மூன்று காரணங்கள் வழக்கமானவை. புது மோடம் டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பை மட்டும் வைத்திருக்கலாம். பழைய பிரிண்டருக்கு அது புரியாது, 2-க்கு மாற்றினால் வரும். அல்லது இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து மோடமே பிரித்துக் கொடுக்கிறதாக இருக்கலாம். ஸ்மார்ட் பிளக் மாதிரி 2.4 மட்டும் தெரிந்த பொருட்கள் முதல் முறை இணைக்கும்போது இதில் தடுமாறும். கொஞ்ச நேரம் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்து வைத்துவிட்டு இணைத்தால் வேலை முடிந்தது.

மூன்றாவது காரணம்தான் ஆளைச் சுற்றவிடுவது. பிரிண்டருக்கோ கேமரா படத்தைப் பதிவு செய்யும் டி.வி.ஆருக்கோ யாரோ ஒருவர் எப்போதோ நிலையான ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் அந்தச் சாதனத்துக்கான எண்) போட்டு வைத்திருப்பார், உதாரணமாக 192.168.0.50. பழைய ரூட்டர் 192.168.0 என்ற வரிசையில் இருந்தது. புது மோடம் 192.168.1 என்ற வரிசையில் முகவரி கொடுக்கிறது. வைஃபையில் இணைந்தாலும் அந்தப் பிரிண்டர் வேறு தெருவில் இருக்கிற மாதிரிதான், யார் கூப்பிட்டாலும் கேட்காது. ஒவ்வொரு சாதனத்திலும் போய் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். புது மோடத்தின் லேன் முகவரியை 192.168.0.1 என்று மாற்றிவிட்டால் பழைய சாதனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெறும். மோடத்தின் பக்கத்தில் இது ஒரே ஒரு கட்டம். ஆனால் இதைச் சொல்லித் தருகிற கஸ்டமர் கேர் ஆள் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' அடித்தால் உங்கள் முகவரி தெரியும். அது 169.254 என்று தொடங்கினால் முகவரி கொடுக்க யாருமே அகப்படாமல் கம்ப்யூட்டர் தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். கீழே வரும் ஏற்பாடுகளில் எதைச் செய்தாலும் இந்த ஒரு பார்வை நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

மோடம் மட்டும் போதுமா?

ஒரு ஹால், இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்குப் போதும். இடத்தைச் சரியாகத் தேர்ந்தால் வேறு எதுவும் வேண்டாம். ஃபைபர் ஒயரை இன்னும் பத்து மீட்டர் உள்ளே இழுத்து வீட்டு நடுவில் மாட்டச் சொல்லுங்கள். கூட கொஞ்சம் பணம் கேட்டாலும் கொடுக்கலாம். ரிப்பீட்டர் வாங்குகிற காசைவிடக் குறைவாகத்தான் வரும். இணைப்பு கொடுக்க வருகிற அன்றே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது, ஒயரை வெட்டிக் கனெக்டர் போட்ட பிறகு அவர்களுக்கும் அலுப்பு. கண்ணாடி பதித்த இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ, டி.வி. கேபினெட்டுக்குள்ளோ, லாஃப்டில் பாத்திரங்களுக்கு நடுவிலோ வைப்பதைத் தவிருங்கள். ஆள் உயரத்தில், திறந்த சுவரில் இருக்கட்டும்.

பழைய ரூட்டரை அப்படியே சொருகுவது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிள், பழைய ரூட்டரின் வேன் போர்ட்டுக்கு, அதாவது வெளியிலிருந்து நெட் வாங்குகிற போர்ட்டுக்கு. நெட் வந்துவிடும். யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் கால் பேசலாம். அதனால் சரியாகிவிட்டது என்று நினைப்போம். இரண்டு நாள் கழித்துத்தான் கீழே உள்ள போனில் இருந்து மாடி பிரிண்டருக்கு அனுப்ப முடியவில்லை, போனில் இருக்கும் படத்தை மாடி டி.வி.யில் போட முடியவில்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

காரணம், ஒரு வேலைக்கு இரண்டு மேஸ்திரி. மோடமும் முகவரி கொடுக்கிறது, ரூட்டரும் முகவரி கொடுக்கிறது. இரண்டும் தத்தமக்கு ஒரு சிறு நெட்வொர்க்கை நடத்துகின்றன. இதைத்தான் இரட்டை நாட் என்பார்கள். இரண்டுமே 192.168.1 வரிசையில் இருந்தால் இன்னும் மோசம்: உள்ளே இருக்கிற ரூட்டருக்கு எது வீட்டுப் பக்கம், எது வெளிப்பக்கம் என்று தெரியாமல் நெட்டே வராது. சில ரூட்டர்கள் தானாகவே வரிசையை மாற்றிக்கொள்ளும், சிலது விழிக்கும்.

ஆனால் இந்த ஏற்பாட்டை அடியோடு தப்பு என்று ஒதுக்குவதும் சரியில்லை. மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள், ஒரே நெட்டைப் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்றால் இது உதவும். இங்கே பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். குடியிருப்பவருக்கு உள் ரூட்டரைக் கொடுத்துவிட்டு, தாங்கள் மோடத்தின் வைஃபையில் இருக்கிறார்கள். உள்ளே இருப்பவரால் வெளிப்பக்கத்துச் சாதனங்களைத் தொட முடியும். வெளியே இருப்பவரால்தான் உள்ளே வர முடியாது. ஆகவே உங்கள் கம்ப்யூட்டரும் கேமராவும் உள் ரூட்டரில் இருக்கட்டும், குடியிருப்பவர் மோடத்தின் வைஃபையில் இருக்கட்டும். மோடத்தின் பாஸ்வேர்டை, வைஃபை பாஸ்வேர்டை அல்ல, அட்மின் பாஸ்வேர்டை மாற்றி வைத்துவிடவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றுவது

இதுதான் நான் அதிகம் சிபாரிசு செய்வது. முகவரி கொடுக்கும் வேலை மோடத்துக்கு மட்டும். பழைய ரூட்டர் மாடியில் உட்கார்ந்து, கேபிளில் வருவதை வைஃபையாக விடும். வீடு முழுக்க ஒரே நெட்வொர்க். பிரிண்டர், டி.வி., கேமரா எல்லாம் ஒன்றையொன்று பார்க்கும்.

கொஞ்சம் புதிய ரூட்டர் என்றால் அதன் செட்டிங்கிலேயே 'ஏ.பி. மோட்' (ஆக்சஸ் பாயின்ட் மோட்) என்று இருக்கும். அதைத் தேர்ந்தால் முடிந்தது. இல்லாதவற்றில் கையால் செய்யவேண்டும், அதிலும் வரிசை முக்கியம். பழைய ரூட்டரை மோடத்தோடு இணைக்காமல், லேப்டாப்போடு மட்டும் கேபிளில் இணைத்து அதன் பக்கத்துக்குள் போங்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை எல்லாவற்றையும் முதலில் வைத்துவிடுங்கள். பிறகு லேன் முகவரியை மாற்றுங்கள். மோடம் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.254 கொடுக்கலாம். ரூட்டர் ஒருமுறை அணைந்து எழும்; புது முகவரியில் மறுபடி உள்ளே போய், கடைசி வேலையாக, சாதனங்களுக்கு முகவரி கொடுக்கிற டி.எச்.சி.பி. என்பதை அணையுங்கள். இதை முதலிலேயே அணைத்துவிட்டால் உங்கள் லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆள் இருக்காது. மறுபடி உள்ளே போகக் கையால் முகவரி போட்டுக்கொண்டு மல்லாடவேண்டும். அப்புறம் மோடத்தின் பக்கத்தில் போய், அது விநியோகிக்கும் முகவரிகள் 192.168.1.10 முதல் 200 வரை என்று எல்லை கட்டிவிடுங்கள். அப்போதுதான் 254 வேறு யார் கைக்கும் போகாது.

இப்போது மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளை ரூட்டரின் லேன் போர்ட்டில் சொருகவேண்டும். வேன் போர்ட் சும்மா கிடக்கட்டும். இதனால் ஒரு லாபம் உண்டு: டெலிபோன் ஒயர் சொருகுகிற பழைய ஏ.டி.எஸ்.எல். மோடம் கூட இந்த வேலைக்கு ஆகும். அதில் வேன் போர்ட்டே இல்லை என்று தூக்கிப்போட நினைத்திருப்பீர்கள். லேன் போர்ட்டும் வைஃபையும் இருந்தால் போதும்.

எதிர்பார்ப்பை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ரூட்டர்களில் லேன் போர்ட் 100 மெகாபிட், வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். அட்டைப்பெட்டியில் 150, 300 என்று போட்டிருந்தாலும் கைக்கு வருவது அதில் பாதியோ அதற்கும் கீழோதான். டி.வி.யில் 4கே படம் ஓட 15 முதல் 25 மெகாபிட் இருந்தால் தாராளம் என்பதால் மாடி அறைக்கு இது பெரும்பாலும் போதும். பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். என்று இருக்கிறதா பாருங்கள். டி.கே.ஐ.பி. என்று பழைய தேர்வு இருந்தால் வைஃபை 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறவே ஏறாது. தரநிலையே அப்படித்தான் வகுத்திருக்கிறது. ஏ.இ.எஸ். வராத அளவுக்குப் பழைய ரூட்டர் என்றால் அதைப் பரணுக்கே அனுப்பலாம்.

கீழும் மேலும் ஒரே பெயர் வைத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும். ஆனால் எப்போது மாறுவது என்று முடிவு செய்வது போன்தான், ரூட்டர் அல்ல. சில போன்கள் கீழ்த்தளத்து ஒற்றைக் கோடு சிக்னலைப் பிடித்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருக்கும். அதற்கு மோடத்தின் வைஃபை சக்தியை ஒரு படி குறைத்துப் பார்க்கலாம். சானல் விஷயத்தில், 2.4-ல் ஒன்றுக்கொன்று இடிக்காதவை 1, 6, 11. கீழே 1, மேலே 6 அல்லது 11 என்று நிலையாக வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்திவிடுங்கள்.

இந்த ஏற்பாட்டின் ஒரே பெரிய இடைஞ்சல் கேபிள் இழுப்பது. சுவரில் டி.வி. கேபிளுக்கோ பழைய டெலிபோனுக்கோ போட்ட பைப் காலியாக இருந்தால் அதில் விடலாம். இல்லையென்றால் படிக்கட்டு ஓரமாகக் கேசிங் அடித்துக் கொண்டுபோகலாம். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள், சுத்தச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தில் செம்புப் பூச்சு போட்டது விலை குறைவு, சில வருடத்தில் மடிப்பில் முறியும். மின்சார ஒயர் போகும் பைப்பிலேயே சேர்த்து விடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நீளம் 100 மீட்டர் வரை போகலாம், வீட்டுக்குள் அவ்வளவு வராது. மொட்டைமாடி வழியாக வெளியே போகிற கேபிள் என்றால் வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிளாகப் பார்த்து வாங்கவேண்டும். இடி மின்னல் நாளில் அதைப் பிடுங்கி வைக்கிற பழக்கமும் நல்லது. செம்புக் கம்பி வழியாக வருகிற அதிர்ச்சியில் இரண்டு முனையிலும் உள்ள போர்ட்டுகள் போய்விடும்.

பிரிட்ஜ் மோட்

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் உடனே சொல்வது இதைத்தான்: 'மோடத்தை பிரிட்ஜில் போடச் சொல்லு, உன் ரூட்டர் எல்லாத்தையும் பார்த்துக்கும்.' மோடம் வெறுமனே ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றித் தரும். யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டு இணைவது முதல் முகவரி கொடுப்பது வரை எல்லாம் உங்கள் ரூட்டரிடம். நல்ல ரூட்டர் ஒன்றை ஏற்கனவே காசு போட்டு வாங்கியவருக்கு, வீட்டில் முப்பது நாற்பது சாதனங்கள் இருப்பவருக்கு, வி.பி.என். வைத்து வேலை செய்பவருக்கு இது சரியான தேர்வு. கம்பெனி கொடுக்கிற மோடம் ஏராளமான சாதனங்கள் சேர்ந்தால் சூடாகி மூச்சு வாங்கும். அந்தப் பாரத்தை இறக்கி வைத்த மாதிரி ஆகும்.

பழைய 100 மெகாபிட் ரூட்டரை வைத்துக்கொண்டு பிரிட்ஜுக்குப் போவதில் அர்த்தமில்லை. வீட்டு நெட் மொத்தமும் அந்த 100 மெகாபிட் வழியாகத்தான் வரும். அதோடு பல வருடமாக அப்டேட் வராத ரூட்டரை இன்டர்நெட்டின் வாசலில் நிறுத்துகிறீர்கள். ஆக்சஸ் பாயின்ட்டாக உள்ளே இருக்கும்போது அந்த ஆபத்து மிகக் குறைவு.

கேட்டுக்கொள்ள வேண்டியவையும் நிறைய. கம்பெனி நெட்டுக்குள் நுழைகிற பி.பி.பி.ஓ.இ. யூசர் நேம், பாஸ்வேர்டு, லைனில் நெட்டுக்கென்று கம்பெனி பிரித்து வைத்த வீலேன் எண் மூன்றும் வேண்டும். வீலேன் எண் தப்பினால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் இணையாது. மோடத்தில் லேண்ட்லைன் போன் சொருகியிருந்தால் பிரிட்ஜுக்குப் பிறகும் அது பேசுமா என்று கேட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள். ஒரு தடவையில் அனுப்பும் தகவல் பொட்டலத்தின் உச்ச அளவான எம்.டி.யூ. 1492 என்று இருக்கவேண்டும். சில தளங்கள் திறக்கும், சிலது பாதியில் நிற்கும் என்கிற விசித்திரமான கோளாறுக்கு இது ஒரு காரணம். சில கம்பெனிகள் தூரத்திலிருந்தே மோடத்தைக் கையாளும். அப்டேட் என்று ஒருநாள் இரவு பழைய நிலைக்குத் திருப்பிவிட்டால் காலையில் மறுபடி இரட்டை நாட்டில் நிற்பீர்கள். லைன் போய்விட்டால் 'எங்கள் மோடத்தின் வைஃபையில் வருகிறதா' என்பதுதான் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, அந்த வைஃபை உங்களிடம் இருக்காது. சொந்தமாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இதெல்லாம் பெரிய விஷயமில்லை. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் பிரிட்ஜ் வேண்டாம் என்பேன்.

கேமரா வெளியூரிலிருந்து தெரியாததற்கும் பிரிட்ஜுக்கும் முடிச்சுப் போடுகிறார்கள். பாதி வீடுகளில் அது வீண். மோடத்தின் பக்கத்தில் வேன் ஐ.பி. என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான ஏதோ ஒன்றில் தொடங்கினால் கம்பெனியே ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது. இதற்கென்றே 2012-ல் ஒதுக்கிய வரிசை அது. சில இடத்தில் 10 என்று தொடங்கும் முகவரியும் கொடுப்பார்கள். இந்த நிலையில் பிரிட்ஜ் போட்டாலும், வெளியே இருந்து வருவதை ஒரு சாதனத்துக்குத் திருப்பிவிடுகிற போர்ட் ஃபார்வர்ட் செய்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர வழி இல்லை. மாதம் கொஞ்சம் கட்டி நிலையான பொது ஐ.பி. வாங்கலாம். இல்லை, டி.வி.ஆரிலேயே இருக்கும் கியூ.ஆர். கோடு முறையில் அதன் கம்பெனி ஆப் வழியாகப் பார்க்கலாம். வீட்டுக் கேமராவுக்கு இரண்டாவதே போதும். ஆப்பில் தெரியாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் முன்பு சொன்ன நிலையான முகவரிச் சிக்கல்தான், டி.வி.ஆரில் கேட்வே, அதாவது நெட்டுக்குப் போகிற வழி, பழைய ரூட்டரின் முகவரியாகவே இருக்கும்.

ரிப்பீட்டரும் மெஷ்ஷும்

கேபிள் இழுக்கவே முடியாது, வாடகை வீடு, வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார். இந்த நிலையில்தான் இவை.

சுவர் பிளக்கில் சொருகும் ரிப்பீட்டர் மலிவு. ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புகிற வகை என்றால் வேகம் பாதியாகிவிடும். அதைவிடப் பெரிய தப்பு வைக்கிற இடம். சிக்னல் வராத அறையில் கொண்டுபோய் மாட்டுகிறார்கள்; வராத சிக்னலை அது எப்படிப் பெருக்கும்? நல்ல சிக்னல் இன்னும் இருக்கிற பாதி வழியில், படிக்கட்டுத் திருப்பம் மாதிரி இடத்தில் இருக்கவேண்டும். ஒரே ஒரு அறையில் வாட்ஸ்அப்பும் பாட்டும் போதும் என்றால் வாங்கலாம். ஆன்லைன் வகுப்புக்கும் ஆபீஸ் மீட்டிங்குக்கும் நம்பி வாங்காதீர்கள்.

மெஷ் என்பது பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்வது; விலை கூட. இரண்டு பெட்டி சேர்ந்தது சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் நிர்வகிக்கலாம், போன் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் சுமுகமாக நடக்கும். ஆனால் அதுவும் கான்க்ரீட்டை மந்திரத்தால் தாண்டுவதில்லை. பெட்டிகள் தங்களுக்குள் பேசுவதும் அதே வைஃபையில்தான். தளத்துக்கு மேலும் கீழும் வைத்தால் ரிப்பீட்டர் படுகிற பாட்டையே கொஞ்சம் நாகரிகமாகப் படும். இதற்கும் பின்னால் ஒரு லேன் கேபிள் கொடுத்தால்தான் முழுப் பலன். அப்படிக் கேபிள் இழுத்த பிறகு பழைய ரூட்டரே போதுமே என்று கேட்டால், சிறிய வீட்டில் போதும்தான். மூன்று தளம், பலர் நடந்துகொண்டே பேசுகிற வீடு என்றால் மெஷ்ஷுக்குப் பணம் போடலாம். வாங்கினால் அதையும் ஏ.பி. மோடில் போட மறக்காதீர்கள். பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டினால் பெரும்பாலானவை ரூட்டராகத்தான் எழும், மறுபடி இரண்டு மேஸ்திரி.

மின்சார ஒயர் வழியாகவே நெட் அனுப்பும் அடாப்டர்களும் கிடைக்கின்றன. இரண்டு முனையும் ஒரே ஃபேஸில் இருக்கவேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகக் கூடாது, நடுவில் இன்வெர்ட்டர் வந்தால் தகராறு செய்யும். த்ரீ ஃபேஸ் வீடுகளில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. திருப்பித் தரலாம் என்றால் மட்டும் முயன்று பாருங்கள்.

எந்த வீட்டுக்கு எது

ஒரே தளத்தில் ஃபிளாட் என்றால் மோடத்தை நடுவில் மாட்டுங்கள், பழைய பெயரையே வையுங்கள், நிறுத்திக்கொள்ளுங்கள். சொந்த வீடு, கீழும் மேலும் என்றால் ஒரு கேபிள், ஒரு ஆக்சஸ் பாயின்ட். புதிதாக வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு காலிப் பைப்பைப் பூசுவதற்கு முன் போட்டு வைத்தால் இந்தக் கட்டுரையில் பாதி அவர்களுக்குத் தேவைப்படாது. வாடகை வீட்டில், ஒரே அறையில் சிக்கல் என்றால் பாதி வழியில் ரிப்பீட்டர். வீட்டிலிருந்தே வேலை, நல்ல ரூட்டர், அதை நோண்டும் ஆர்வம் மூன்றும் இருப்பவர் பிரிட்ஜுக்குப் போகலாம்.

அக்கா வீட்டில் டி.வி. கேபிள் பைப்பில் இடம் இருந்தது. மாடியில் பழைய ரூட்டர் ஆக்சஸ் பாயின்ட்டாக உட்கார்ந்துவிட்டது. அத்தான் இப்போது கேட்பது வேறு கேள்வி: கரண்ட் போனால் கீழே நெட் இருக்கிறது, மாடியில் ஏன் இல்லை? மோடம் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது, மாடி அறை பிளக் பாயின்ட் இல்லை. நெட் வழியில் உள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் பேக்கப் வேண்டும். பெரும்பாலான மோடம், ரூட்டர் எல்லாம் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை என்பதால், இதற்கென்றே விற்கிற சின்ன யு.பி.எஸ். ஒன்றை மாடிக்கு வாங்கினால் சில மணி நேரம் தாங்கும். சில பழைய ரூட்டர்கள் 9 வோல்ட் அல்லது 5 வோல்ட். அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதைப் பார்த்து, அதே வோல்ட் வெளியீடு உள்ள யு.பி.எஸ்.ஸாகக் கேட்டு வாங்குங்கள்.